பச்சைக் கேன்

அந்த 5 லிட்டர் கேனின் மேல் பச்சை இலை ஒன்று அச்சடித்திருக்கும். உள்ளே இருந்தது ஆசிட். ஊற்றி நிரப்பியது நான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போகிற காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் காரணங்களை முன்னால் வைத்தால் கேட்கிறவர் மனசு இளகிவிடும். நானே ஒரு வருஷம் எனக்கு அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் தூங்கினேன்.

குலசேகரன்பட்டினத்தில் 42 அறை உள்ள ஒரு லாட்ஜில் மேனேஜராக இருக்கிறேன். கீழே சாப்பாட்டு ஹால் உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு குலசை என்றால் தசராதான். விரதம் இருந்து, மாலை போட்டு, கொடி ஏறியதும் காப்புக் கட்டி, காளி, குறவன், குரங்கு, போலீஸ் என்று வேஷம் போட்டு, ஊர் ஊராகக் காணிக்கை பிரித்துக்கொண்டு வந்து, பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் முத்தாரம்மன் சூரசம்ஹாரத்தைப் பார்க்க லட்சக்கணக்கில் சனம் கூடும். மற்ற மாதங்களில் திருச்செந்தூரில் அறை கிடைக்காதவர்களும் மணப்பாடு கோயிலுக்கு வருகிறவர்களும்தான் எங்களுக்குப் பிழைப்பு. உடன்குடியில் அனல் மின் நிலைய வேலை தொடங்கினபோதே இந்த நிலை கொஞ்சம் மாறியது. 2024 பிப்ரவரி 28ஆம் தேதி இஸ்ரோ ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதற்குப் பிறகு லேப்டாப் பையோடு வந்து, மாதக்கணக்கில் அறை கிடைக்குமா என்று கேட்கிறவர்கள் அதிகமானார்கள்.

அந்த ஆனியில் ஒரு கம்பெனி 12 அறையை வருஷ வாடகைக்குக் கேட்டது. வாடகையில் பேரம் பேசவில்லை. இரண்டு தாள் மட்டும் கேட்டார்கள். ஒன்று, வேஸ்ட் ஆடிட் ரிப்போர்ட்: கட்டடத்தில் ஒரு நாளைக்கு எவ்வளவு குப்பை விழுகிறது, அதில் என்னென்ன இருக்கிறது, எங்கே போகிறது. இன்னொன்று, அறைகளை எந்தெந்தப் பொருளை வைத்துக் கழுவுகிறீர்கள் என்ற பட்டியல். ஆசிட், பினாயில் கூடாது, மண்ணுக்கும் மனுஷருக்கும் கெடுதல் இல்லாத மருந்தாக இருக்க வேண்டும் என்றார்கள். கிரீன் கிளீனிங் என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன். கேட்டது நியாயமான கேள்வி. இரண்டுக்கும் நான் பொய் பதில் கொடுத்தேன்.

முதல் பொய் எடையில். குப்பைத் தணிக்கை கஷ்டமான வித்தை இல்லை, ஆனால் உடம்பு வணங்க வேண்டும். ஒரு நாள் போதாது. சனி, ஞாயிறும் சேர்ந்த ஒரு வாரமாவது வேண்டும். ஒவ்வொரு மாடிப் பைக்கும் தேதியும் மாடி எண்ணும் எழுதிய சீட்டுக் கட்டி, மொத்தமாக நிறுத்து, தார்ப்பாயில் கொட்டி, மக்குவது, மக்காதது, மாத்திரை, பிளேடு, நாப்கின் என்று கையால் பிரித்து, ஒவ்வொன்றையும் திரும்ப நிறுத்து எழுத வேண்டும். நான் செய்தது இதுதான்: ஒரு புதன்கிழமை, பாதி அறை காலியாகக் கிடந்த நாளில், இரண்டாம் மாடிப் பையை மட்டும் நிறுத்தேன். அதை மூன்றால் பெருக்கினேன். சாப்பாட்டு ஹாலுக்கு ஒரு தொகையை மனசிலிருந்து எடுத்துச் சேர்த்தேன். ஆபீஸ் ரூமில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, ஒரு நாளைக்கு 84 கிலோ என்று எழுதினேன்.

84 என்ற எண் தற்செயலாக வரவில்லை. அப்போது நடப்பில் இருந்த 2016ஆம் வருஷத்துத் திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி, சராசரியாக ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடுகிற கட்டடம் பெருமளவு கழிவு உருவாக்குபவர் கணக்கில் வந்தது. அந்தக் கணக்கில் வந்துவிட்டால் பொறுப்பு கூடும். மக்கும் குப்பையை முடிந்தவரை நம் இடத்திலேயே உரமாகவோ எரிவாயுவாகவோ ஆக்க வேண்டும். அதற்குத் தொட்டி, இடம், ஆள் வேண்டும். 97 என்று எழுதினால் சந்தேகம் வரும், 84 என்றால் கண்ணை உறுத்தாது என்று யோசித்து எழுதிய எண் அது. அடியில் கையெழுத்துப் போட்டு லாட்ஜ் சீல் வைத்தேன்.

இரண்டாவது பொய்தான் கேன்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. டைல்ஸில், குழாயில், கோப்பையில் வெள்ளைப் படலமாகக் காரை கட்டிக்கொண்டே இருக்கும். ஆசிட் ஊற்றினால் இரண்டே நிமிஷத்தில் நுரைத்துக்கொண்டு கரையும். அது டைல்ஸ் இடுக்கு சிமெண்டையும் சேர்த்து அரிக்கும், குழாய் மினுமினுப்பைத் தின்னும், செப்டிக் டேங்கில் போய்க் கழிவை மக்கவைக்கிற நுண்ணுயிரைக் கொல்லும். அந்த டேங்க் சீக்கிரம் சீக்கிரம் நிறைகிறதே என்று லாரிக்காரரிடம் வருஷக்கணக்கில் நான் சண்டை போட்டிருக்கிறேன். காரணம் என் ஸ்டோர் ரூமில் இருந்தது. சிட்ரிக் ஆசிட் தூளைத் தண்ணீரில் கரைத்துத் துணியில் நனைத்து ஒட்டிவைத்தாலும் அதே காரை போகும். ஆனால் அரை மணி நேரம் ஊறவேண்டும். கூட்ட நாளில் அறை காலியான இருபதாவது நிமிஷம் அடுத்த ஆள் சாவிக்கு நிற்பார். கெடுதல் இல்லாத சுத்தம் வேண்டுமென்றால் அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்க வேண்டும், அல்லது இன்னும் இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இரண்டையும் முதலாளியிடம் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

தாவரச் சத்தில் செய்தது, மண்ணில் மக்கிவிடும் என்று எழுதிய திரவம் நான்கு கேன் வாங்கினேன். பில்லை ரிப்போர்ட்டில் இணைத்தேன். கம்பெனி ஆள் வந்து பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அந்த நான்கு கேனும் ஆவணிக்குள் தீர்ந்தது. விலையைப் பார்த்தேன். ஆசிட் வாங்கினேன், பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்தேன், காலிக் கேன்களில் ஊற்றினேன். வாடை காட்டிக்கொடுக்கும் என்று எலுமிச்சை எசன்ஸும் சேர்த்தேன். ராத்திரி பத்து மணிக்கு மேல், ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். கதவைச் சாத்தினேன் என்பதிலேயே எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதும் இருக்கிறது.

அறை கழுவுகிறவர்களில் மூத்தவர் ஒரு அம்மா. என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், என்னை அண்ணாச்சி என்பார். பெயர் சொல்லவில்லை, அவர் கேட்டுக்கொண்டது அது. புதிதாக வேலைக்கு வந்த ஒரு பிள்ளைக்கு அவர் வேலை சொல்லிக்கொடுத்ததை நானே கேட்டிருக்கிறேன்: "ஆசிட்டு ஊத்துன எடத்துல பிளீச்சிங் பவுடரப் போட்டுராத. நெஞ்சடைச்சிரும். முதல்ல ரெண்டு வாளி தண்ணி ஊத்திக் கழுவிறணும்." யாரும் அவருக்கு வகுப்பு எடுக்கவில்லை. வேலை பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அந்த அறிவுதான் அவரையும் கூட இருந்தவர்களையும் அத்தனை வருஷம் காப்பாற்றியது. பச்சை இலைப் படத்தை ஒட்டி அந்த அறிவை நான் பிடுங்கிவிட்டேன்.

2024 அக்டோபர். சூரசம்ஹாரம் முடிந்த மறுநாள் காலை. சாயங்காலம் காப்புக் களைதல் இருந்ததால் ஊரில் கூட்டம் குறையவில்லை. ஒரு குழு அறையைக் காலிபண்ணிப் போயிருந்தது. பாத்ரூம் தரையெல்லாம் வேஷச் சாயம், தேங்காய் எண்ணெய், சடையிலிருந்து உதிர்ந்த முடி. யாரோ வாந்தியும் எடுத்திருந்தார்கள். திருவிழாவுக்கென்று வாங்கிவைத்த பிளீச்சிங் பவுடரை அந்த அம்மா கை நிறைய அள்ளித் தரையில் தூவியிருக்கிறார். சாயம் போகவில்லை. பச்சைக் கேனை எடுத்து அதன்மேல் ஊற்றிவிட்டு, குத்தவைத்து உட்கார்ந்து தேய்த்திருக்கிறார். கதவைப் பாதி சாத்தியிருந்தார், வெளியே அடுத்த ஆள் நின்றதால்.

பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. மேலே போகாது, தரையோடு தேங்கும். நிற்கிறவருக்கு இருமல் வரும். குத்தவைத்து உட்கார்ந்திருப்பவருக்கு மூக்குக்கு நேரே நிற்கும். ஈரமான இடத்தைத் தேடி, கண்ணிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் போய் ஆசிட்டாகவே மாறும். 1915இல் முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் ஈப்பர் பக்கம் ஜெர்மன் படை சிலிண்டரில் அடைத்துக் கொண்டுவந்து திறந்துவிட்டது இந்த வாயுவைத்தான். நான் இதைப் படித்தது பிறகு. ஆனால் சேர்த்தால் ஆகாது என்பது எனக்கும் முன்பே தெரியும், அந்த அம்மா சொல்லிக் கேட்டு.

கூட வேலை பார்த்த பிள்ளை, பத்தொன்பது வயது இருக்கும், சேலையைப் பிடித்து வராண்டாவுக்கு இழுத்துப்போட்டாள். நான் மேலே ஏறிப் போனபோது அந்த அம்மா சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. நான் முதலில் பார்த்தது அவரை இல்லை. கேன் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன்.

ஊர் திரும்புகிற வேன்களுக்கு நடுவே ஆட்டோ நகர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. டாக்டர் கேட்டார், "என்ன கெமிக்கல் யூஸ் பண்ணாங்க?"

"பினாயில்தான் டாக்டர். கூட்டம், வெயில், காலைல சாப்பிடவும் இல்ல."

ஒரு மனுஷி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்க, வைத்தியம் பார்க்கிறவரிடம் நான் சொன்ன பதில் இது. டாக்டர் இரண்டாவது தடவையும் கேட்டார். இரண்டாவது தடவையும் பினாயில் என்றேன். பின்னால் நின்ற அந்தப் பிள்ளைதான் வாய் திறந்தாள். "இல்ல டாக்டர். பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தாவ. அந்தக் கேன்ல ஆசிட்டு மாதிரி நுரைச்சுச்சு. மஞ்சப் புகை வந்துச்சு."

ஆக்சிஜன் வைத்தார்கள், நெபுலைசர் வைத்தார்கள். குளோரின் பட்டவருக்கு முதலில் தெளிந்த மாதிரி இருந்து, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம், அதனால் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று டாக்டர் சொன்னார். மூன்று நாள் வைத்திருந்தார்கள். என் பேச்சை நம்பியிருந்தால் கண்ணைக் கழுவிவிட்டு, குளுக்கோஸ் ஏற்றி, மத்தியானமே அனுப்பியிருப்பார்கள். ராத்திரி வீட்டில் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் கை உதறுகிறது.

அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரி வராண்டாவில் கூப்பிட்டு, "உனக்கு எதுக்கு இந்த வாய்?" என்று திட்டினேன். அவள் தையோடு வேலையை விட்டுப் போய்விட்டாள். அவளிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. திருப்பூர்ப் பக்கம் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

லாட்ஜுக்குத் திரும்பிய அன்று ராத்திரியே மிச்சமிருந்த மூன்று கேனையும் பின்பக்கம் மணலில் கொட்டினேன். மணல் நிமிஷத்தில் குடித்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கிணறு முப்பது அடி தள்ளி இருக்கிறது. அதுவும் என் கணக்கில்தான் சேரும். பிறகு நோட்டை எடுத்து, தேதி போட்டு, "ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்த சம்பவம்" என்று எழுதினேன். ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி கொடுத்தார். டிஸ்சார்ஜ் ஆன அன்று அந்த அம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன்.

அவர் வேலைக்குத் திரும்பவில்லை. மாடிப்படி ஏறினால் இளைக்கிறது என்றார்கள். எனக்குப் பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி ரிசப்ஷனில் மாட்டியிருந்த அந்த ரிப்போர்ட்டைப் பார்க்க முடியவில்லை. ஃப்ரேம் போட்டு மாட்டியதும் நான்தான்.

2025 தை மாதம் தணிக்கையை முதலிலிருந்து செய்தேன். இந்தத் தடவை என் கையால். உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் பண்ணுகிற சேக்காளியிடம் எலக்ட்ரானிக் தராசு வாங்கிவந்து, பின்பக்கம் தார்ப்பாய் விரித்தேன். காலை பத்து மணிக்குள் பிரித்து முடிக்க வேண்டும். அதற்கப்புறம் கடல்காற்று எழும்பிவிடும், தாளும் கவரும் பறந்து எடை தப்பாகிவிடும். ஏழு நாள். சராசரி 112 கிலோ. பாதிக்கு மேல் சோறு. இலையில் மிச்சம் வைத்தது, அறைக்கு வாங்கிப்போய்த் திறந்தும் பார்க்காத பார்சல். பாதி குடித்த தண்ணீர் பாட்டில்களைத் திறந்து வாளியில் ஊற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு வாளி நிறைந்தது. 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்த பிளாஸ்டிக் கப்புகளும் இருந்தன, எங்கள் ஹாலில் கொடுத்தவைதான். ஒருதடவை தேய்த்துப் போட்ட குட்டிச் சோப்புகள் ஒரு பை. நாப்கின், குழந்தைகள் டயப்பர், சர்க்கரைக்காரர்கள் குத்திக்கொள்கிற ஊசி, சவர பிளேடு, எல்லாம் சோற்றோடு சோறாக.

இரண்டாம் நாள் கையுறையைக் கிழித்துக்கொண்டு பிளேடு விரலில் இறங்கியது. ஆறாம் நாள் இன்னொன்று. ஏழு நாளில் எனக்கு இரண்டு காயம். மாடிக் குப்பையை வெறுங்கையால் அள்ளிக் கட்டிய பெண்களுக்கும், வாசலில் வந்து வாங்கிப்போன பஞ்சாயத்துத் தூய்மைக் காவலர்களுக்கும் வருஷக்கணக்கில் எத்தனை இறங்கியிருக்கும்? 84 கிலோ என்று எழுதியபோது குறைத்தது வெறும் எண் என்றுதான் நினைத்திருந்தேன். நான் இல்லை என்று எழுதிய அந்த 28 கிலோவையும் தினமும் ஒருவர் தூக்கிக்கொண்டுதான் போயிருக்கிறார்.

முதலாளியிடம் சொன்னேன். கேன் விஷயத்தையும் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா" என்றார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா என்று தெரியாது. நான் கேட்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். 112 என்று புது ரிப்போர்ட் எழுதி, பழையது பொய் என்றும் எழுதி, கம்பெனிக்கு அனுப்பினேன். ஒப்பந்தம் அந்த வருஷத்தோடு முடிந்தது, புதுப்பிக்கவில்லை. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

இப்போது பாத்ரூம்களுக்கு சிட்ரிக் தூளும் சோப்புக் கரைசலும்தான். ஒரு அறைக்கு 45 நிமிஷம், அதற்குமுன் சாவி கொடுப்பதில்லை. கூடுதலாக ஒருவரைத்தான் வேலைக்கு எடுக்க முடிந்தது, இருவரை இல்லை. கூட்ட நாளில் இன்னும் திணறுகிறோம். கோப்பை துடைக்கிற துணி சிவப்பு, முகம் கழுவுகிற தொட்டிக்கு மஞ்சள், மாறக்கூடாது. பிளேடுக்கும் ஊசிக்கும் மூடி போட்ட தனி டப்பா. சோறும் இலையும் பின்பக்க உரத்தொட்டிக்குப் போகிறது. மழை பெய்தால் நாறுகிறது, இன்னும் பக்குவம் பிடிபடவில்லை. எந்தக் கேனில் எது இருக்கிறதோ அதன் பெயர் தமிழில், கொட்டை எழுத்தில். காலிக் கேனில் வேறெதையும் ஊற்றுவதில்லை, குத்தி ஓட்டை போட்டுத்தான் பழைய இரும்புக் கடைக்குக் கொடுக்கிறோம்.

இவ்வளவும் செய்தேன், அந்த அம்மா வீட்டுக்கு மட்டும் போகவில்லை. தை போனது, சித்திரை போனது. 2025 தசராவுக்குக் கொடி ஏற ஒரு வாரம் இருக்கும்போது போனேன். உடன்குடியில் கருப்பட்டி பொதிகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றார். திண்ணையில் உட்காரவைத்து, சுக்குக் காப்பி கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். கேனில் ஆசிட் ஊற்றியது நான், எசன்ஸ் சேர்த்தது நான், டாக்டரிடம் பொய் சொன்னது நான்.

அவர் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வருஷமா எம் மகன் என்னைய ஏசுதான் அண்ணாச்சி. இருபது வருஷம் வேலை பார்த்தவளுக்கு ஆசிட்டு எது, பவுடர் எதுன்னு தெரியாதான்னு. எனக்கே சந்தேகம் வந்துட்டு. எலுமிச்சம்பழ வாடைல்லா வந்துச்சு. அப்ப நாந்தான் ஏதோ தப்பா எடுத்து ஊத்திட்டேன்னு நெனைச்சுக்கிட்டேன்."

நுரையீரலுக்குச் செய்ததை நான் எண்ணிவைத்திருந்தேன். இதை எண்ணவே இல்லை.

மன்னிச்சிரும்மா என்றேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. "நோட்டுல என்ன எழுதியிருக்கிய?" என்று கேட்டார். சொன்னேன். "அதை எனக்குக் காட்டணும்" என்றார்.

மறுநாள் நோட்டை மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மகனும் வீட்டில் இருந்தான். "ஊழியரின் கவனக்குறைவால்" என்ற வரியை அவர்கள் முன்னால் கோடு போட்டு அடித்தேன். மேலாளர் கேனில் ஆசிட்டை மாற்றி ஊற்றி, ஊழியருக்குச் சொல்லாததால் நேர்ந்தது என்று எழுதினேன். அடியில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மா நோட்டை மடியில் வைத்து, விரலை ஓட்டி, எழுத்துக்கூட்டி வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார். பிறகு மகனிடம் நீட்டினார்.

அவன் பார்த்துவிட்டு, "தேதி போடலயே" என்றான்.

பேனாவை வாங்கி, போட்டேன்.